சோடா கொடுத்த தெரு

'டமார்!'

பள்ளிக்கூட மைதானத்தின் மூலையில் எழுந்த சத்தத்தில், மேகலா கையிலிருந்த மைக்கைப் போட்டுவிட்டு மேசைக்கடியில் பாதி உடம்பை நுழைத்துவிட்டாள். பந்தக்கால் நட்டுக்கொண்டிருந்தவர்கள் கடப்பாரையும் கையுமாகத் திரும்பினார்கள். புங்கமரத்துக் காக்கைகள் அத்தனையும் ஒரே சமயத்தில் எழும்பிக் கத்தின.

"பயப்படாதீங்க மேடம், சோடா பாட்டிலுதான்! வெயில் ஜாஸ்தி, கேஸ் தாங்கல," என்று மரப்பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்றார் சோடாக்கார ஜோசுவா. தலையிலிருந்து இடுப்புவரை நனைந்திருந்தது. "காலையில குளிக்காம ஓடியாந்தேன். கர்த்தரே பாத்து குளிப்பாட்டி உட்டுட்டாரு."

பந்தல்காரர்கள் சிரித்தார்கள். சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்த மேகலாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"யார் மேலயும் படலையே?"

"ஆளுக்கு ஒண்ணும் இல்ல. கோலிதான் காணோம். அது இந்நேரம் வாணியம்பாடி தாண்டியிருக்கும்."

கோலி சோடாதான் வேண்டும் என்று அடம்பிடித்தவள் மேகலா. ஊரெல்லாம் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாறிவிட்ட காலத்தில், ஜோசுவா மட்டும் பழைய பாட்டில்களைப் பரணில் போட்டு வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஆள் அனுப்பித் தேடிப் பிடித்தாள். எல்லாம் ஒரு காரியமாகத்தான்.

மேகலாவுக்குச் சென்னையில் ஒரு பெரிய மக்கள் தொடர்பு நிறுவனத்தில் வேலை. கம்பெனிகளைப் பற்றி ஊர் நல்லவிதமாக நினைக்கும்படி செய்வதுதான் அந்த வேலை. பிஸ்கெட் கம்பெனி, சிமென்ட் கம்பெனி, ஆஸ்பத்திரி என்று பலருக்கும் நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தவள். இப்போது அவள் வந்திருப்பது வின்ஃபெல்ட் லெதர்ஸுக்காக. ஆம்பூரைத் தாண்டி, பாலாற்றங்கரையில் பட்டைக்கிடங்குத் தெருவை ஒட்டிப் பூட்டிக் கிடக்கும் பழைய டேனரியை, அதாவது தோல் பதனிடும் ஆலையை, அந்தக் கம்பெனி வாங்கியிருந்தது. திரும்பத் திறக்க வேண்டுமானால் அரசாங்கம் நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் தெருக்காரர்கள் சம்மதம் சொல்ல வேண்டும். கூட்டம் அடுத்த வாரம். அதற்கு முன்னால் அவர்கள் மனதைக் கனிய வைப்பது மேகலாவின் பொறுப்பு. கனிந்துவிட்டால், திரும்பிப் போகும்போது அவள் நிறுவனத்தில் ஒரு பங்குதாரர். பாஸ் வாயால் சொன்ன வார்த்தை.

இந்த வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. மேகலா பிறந்தது அந்தத் தெருவில்தான். அப்பா வேலு அந்த டேனரியில் தோலைப் புரட்டும் டிரம் ஓட்டியவர். அவளுக்கு எட்டு வயதாகும்போது அவருக்குப் பல்லாவரத்து டேனரியில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு ரயிலேறிவிட்டார்கள். அப்பா போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது.

'வாதாடி யாரையும் ஜெயிக்க முடியாது. பழசை ஞாபகப்படுத்தி ஜெயித்துவிடலாம்.' இது மேகலா தன்னிடம் வேலை பழகும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது. இன்னொன்றும் சொல்வாள். 'பொய் சொல்லாதீங்க. ஆனா எல்லாத்தையும் சொல்லணும்னு அவசியம் இல்ல.'

அதனால்தான் துண்டறிக்கை, ஆட்டோ மைக், வீடு வீடாகப் பேச்சு எதுவும் இல்லை. மைதானத்தில் பந்தல் போட்டு, 'நம்ம டேனரி நினைவுத் திருவிழா' என்று பலகை மாட்டினாள். வீடுகளிலிருந்து பழைய போட்டோக்களைக் கேட்டு வாங்கிப் பெரிதாக்கி வரிசையாகத் தொங்கவிட்டாள்.

அதற்கே தெரு உருகிப் போனது.

ஆயுத பூஜையன்று யானை போல நிற்கும் மர டிரம்முக்குச் சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டி, அதற்கு முன்னால் வரிசையாக நிற்கும் ஆட்கள். தீபாவளிக்குக் கம்பெனி கொடுத்த எவர்சில்வர் டிபன் கேரியரைத் தூக்கிக் காட்டும் பெண்கள். கிறிஸ்துமஸுக்கு டேனரி கேட்டில் தொங்கிய பெரிய நட்சத்திரம். ரம்ஜான் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு வரிசையில் நிற்கும் எல்லா வீட்டுப் பிள்ளைகளும். ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் யாராவது சிலர் நின்றபடியே நின்றார்கள். "இது எங்க மாமனாரு," "ஐயோ, இந்தத் தாவணி எனக்கு எங்க அக்கா குடுத்தது," என்று விரல் வைத்துத் தேய்த்தார்கள். லாரி டிரைவர் ஒருவர் தன் அப்பாவின் முகத்தை முதல் தடவையாகப் பெரிதாகப் பார்த்துவிட்டு, பந்தலுக்கு வெளியே போய் நின்று பீடி பற்ற வைத்துக்கொண்டார். பற்ற வைத்தாரே தவிர இழுக்கவில்லை.

மேகலாவும் படம் படமாக நின்று பார்த்தாள். வேலைக்காகச் செய்கிறோம் என்பது மறந்துபோகும் அளவுக்கு. சுவரோரம் அலங்காரத்துக்காகக் குவித்திருந்த, தோல் பதனிடும் ஆவாரம்பட்டைக் கட்டைக் கடந்தபோது அந்த வாசனை அப்படியே அவளைத் தூக்கிக்கொண்டு போனது. டேனரி நாற்றம் என்று வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். அந்தத் தெருப் பிள்ளைகளுக்கோ, அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார் என்று முதலில் சொல்வது அந்த நாற்றம்தான். சுண்ணாம்பும் பட்டையும் ஈரத்தோலும் கலந்த அந்த வாசத்தோடு அப்பா குனிந்து தூக்கும்போது, அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அவர் பல்லாவரம் வேலையையும் விட்டுப் பல வருடம் கழித்துத்தான் போனது. போனபிறகு அப்பா யாரோ போல ஆகிவிட்டார் என்று அவளுக்குத் தோன்றியதுண்டு.

பிறகு சோடா. யாராவது மடிப்புக் கலையாத வேட்டி கட்டிக்கொண்டு, கையில் பழப்பையோடு தெருவுக்குள் நுழைந்தால் போதும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். யார் வீட்டு விருந்தாளியாக இருந்தாலும் தெருவே ஓடும். பெட்டி பெட்டியாகச் சோடா வரும். கட்டை விரலால் கோலியை அழுத்தினால் 'கீச்' என்று ஒரு சத்தம். மிச்சம் வைத்ததெல்லாம் பிள்ளைகளுக்கு. மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் வரும். அதற்குத்தான் குடிப்பது. உலகத்திலேயே விருந்தோம்பலில் உயர்ந்த தெரு தன் தெருதான் என்று பல்லாவரம் பள்ளிக்கூடத்தில் பெருமை பேசியவள் அவள். இப்போது அதையே திருவிழாவின் மைய இழையாக வைத்துவிட்டாள். 'வந்தவருக்குச் சோடா கொடுத்த தெரு.' பலகையில், டீ-ஷர்ட்டில், குறும்படத்தில் எல்லாம் அந்த ஒரே வரி. இப்போது வரப்போகிற விருந்தாளி வின்ஃபெல்ட் கம்பெனி என்பதை யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தானே மனதில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

சனிக்கிழமை மத்தியானம் குறும்படத்தைத் தெருப் பெண்களுக்கு மட்டும் போட்டுக் காட்டினாள். மறுநாள் மாலை எல்லாருக்கும். அதன்பிறகு 'வருக டேனரி' என்று எழுதிய நீளமான துணியில் கையெழுத்து. அந்தத் துணியைக் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் விரித்தால் வேலை முடிந்தது.

பழைய வகுப்பறையில் ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் படத்தை ஓட்டினார்கள். முன்வரிசையில் மேகலாவின் அம்மா சௌந்தரம். ஊர் பார்க்க வேண்டுமென்று சென்னையிலிருந்து கூடவே வந்திருந்தாள். பக்கத்தில் பழைய சிநேகிதிகள் ஹலீமா பீயும் பாக்யலட்சுமியும். திரையில் ஹலீமா பீ முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பேசினாள். "எங்க தெருவுல யாரு வந்தாலும் சோடாதான். ஜாதி மதமெல்லாம் கெடயாது. வந்தா சோடா!" உடனே புல்லாங்குழல். பாலாறு. அஸ்தமன சூரியன்.

எல்லாரும் கைதட்டினார்கள், ஒருத்தியைத் தவிர.

"இன்னா பொண்ணே, அதுக்கப்புறம் நான் பேசினது எங்க?" என்றாள் ஹலீமா பீ.

"என்ன பேசினீங்க காலா?" என்று சின்ன வயதில் கூப்பிட்ட முறைவைத்தே கேட்டாள் மேகலா.

"இன்னா பேசினேனா! அரை மணி நேரம் தொண்டத்தண்ணி வத்த பேசினேன். ஒரு பையன் காமிராவ வெச்சிக்கினு உம் கொட்டிக்கினு இருந்தானே."

பேட்டி எடுத்தது மேகலாவிடம் வேலை பழகும் பையன்தான். 'கசப்பு வேண்டாம், இனிப்பு மட்டும் எடு' என்று சொல்லி அனுப்பியவள் மேகலா. மிச்சத்தை அவள் பார்க்கவும் இல்லை.

"ஏன் சோடா குடுத்தோம்னு சொன்னேன். அத கட் பண்ணிட்டான்."

"ஏன்?" மேகலா உண்மையாகவே கேட்டாள்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் யாரோ 'க்ளுக்' என்று சிரிக்க, அடுத்த நிமிடம் அறையே சிரித்தது.

"அட இவளே, உனக்கு நெஜமா தெரியாது? தண்ணி குடுத்தா எவன் பொண்ணு குடுப்பான்?" என்றாள் ஹலீமா பீ. "மாப்பிள்ள வூடு பாக்கணும்னு பொண்ணு வூட்டுக்காரங்க வருவாங்க. ஒரு சொம்பு தண்ணி குடுத்தோம்னு வையி, அடுத்த பஸ்ஸுல திரும்பிடுவாங்க. டேனரி தண்ணி எறங்கி எறங்கி கெணறெல்லாம் உப்பு. வாயில வெக்க முடியாது. அதான் சோடா. ஒரு வூட்டுக்கு ஆளு வந்தா நாலு வூட்டுக்காரங்க ஓடுவோம். இன்னிக்கி ஒன் வூட்டுக்கு, நாளைக்கி என் வூட்டுக்கு."

"சோடாவுக்குத் தண்ணி?" என்றாள் மேகலா.

"எங்கப்பா ரயில்வே ஸ்டேஷன் கொழாயில இருந்து சைக்கிள்ல கொண்டாருவாரு," என்று கதவருகே பாட்டில்களோடு நின்ற ஜோசுவா குரல் கொடுத்தார். "முகூர்த்த மாசம் வந்தா அவருக்குத் தூக்கமே கெடயாது."

"நானும் சோடாவுல உழுந்தவதான்," என்றாள் பாக்யலட்சுமி. "எங்கப்பா ரெண்டு பாட்டில் குடிச்சாரு. ஏப்பம் உட்டுக்கினே சரின்னுட்டாரு. கல்யாணம் ஆயி மொத நாள் காத்தால வாய் கொப்புளிச்சேன் பாரு, அப்பதான் தெரிஞ்சுது."

"அழுதீங்களா அத்தை?"

"அழுவாம? வாரம் பூரா அழுதேன்." பாக்யலட்சுமி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். சிரித்ததில் வந்த தண்ணீர்தான். "அப்புறம் எங்க கொழுந்தனுக்குப் பொண்ணு வூட்டுக்காரங்க வந்தாங்க இல்ல, அப்ப சோடா வாங்க மொத ஆளா ஓடினது யாருன்ற? நான்தான்."

மறுபடியும் சிரிப்பு. இந்த முறை மேகலாவால் சேர்ந்துகொள்ள முடியவில்லை. சிரிப்பது போல வாயை வைத்துக்கொண்டாள்.

"இந்தச் சோளிங்கர்க்காரி வாயே தொறக்கல பாரு," என்று ஹலீமா பீ சௌந்தரத்தின் தொடையில் தட்டினாள். "அத்தினி படி ஏறி நரசிம்மரக் கும்புட்டு இன்னாத்துக்குப் பிரயோஜனம்? நீயும் சோடாவுல ஏமாந்தவதானே?"

"நான் ஒண்ணும் ஏமாறல," என்றாள் சௌந்தரம்.

"ஆமாமா. ஒங்கப்பா குடிக்கல?"

"அவரு குடிச்சாரு. வூட்டுக்கு வந்து தெருவே சோடா குடுக்குது, தங்கமான மனுஷங்கன்னு ஒரே புகழு. நாளும் குறிச்சாச்சு. அடுத்த வாரம் நான் தையல் கிளாஸ் உட்டு வெளிய வர்றேன், இவரு நிக்கிறாரு. கையில ஒரு டானிக் பாட்டிலு."

"யாரு, வேலுவா?" பாக்யலட்சுமி வாயைப் பிளந்தாள். "பொம்பள மூஞ்சியே பாக்க மாட்டானே அவன்!"

"பாக்கலதான். தரையப் பாத்துக்கினே நீட்டினாரு. 'இது எங்க தெரு தண்ணி. எங்காளுங்க ஒனக்குக் காட்ட மாட்டாங்க. ஒரு வாய் குடிச்சிட்டு அப்புறம் சரின்னு சொல்லு. இல்லன்னாலும் ஒண்ணும் இல்ல, பஸ்ஸு இருக்கு, போய்டறேன்'னாரு."

பாக்யலட்சுமி குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"குடிச்சியா?"

"குடிச்சேன். தூன்னு அவரு செருப்பு மேலயே துப்பிட்டேன்."

"அடிப்பாவி!"

"பாட்டில மூடி பையில வெச்சிக்கினு கெளம்பினாரு. நாலு அடி போயிருப்பாரு. நான்தான் கூப்ட்டேன். திரும்ப வாங்கி, மூக்கப் புடிச்சிக்கினு ஒரு வாய் முழுங்கினேன்." சௌந்தரம் சுவரைப் பார்த்துப் பேசினாள். "பொண்ணு கேட்டு வர்றவன் நகை கொண்டாருவான், பூ கொண்டாருவான். வூட்டுக் குறையக் கையில எடுத்துக்கினு எவன் வருவான்? தண்ணி எப்படியோ போவட்டும், ஆளு போதும்னு தோணிடுச்சு."

நாற்பத்தோரு வயதுவரை மேகலா இதைக் கேட்டதே இல்லை. அப்பாவின் பூக்கட்டம் போட்ட கைலி, ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரிலிருந்து வாங்கி வரும் பிரியாணிப் பொட்டலம், கத்திரிக்காய் பச்சடியைத் தனியாக எடுத்து அவளுக்கு வைக்கும் விரல்கள், எல்லாம் ஞாபகம் இருந்தது. தையல் கிளாஸ் வாசலில் தரையைப் பார்த்தபடி டானிக் பாட்டிலோடு நின்ற வேலு என்கிற இளைஞனைத்தான் அவளுக்குத் தெரியாது.

மாலையில் லாட்ஜ் அறையில் அம்மாவுக்குக் காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு மேகலா மெல்ல ஆரம்பித்தாள்.

"அப்போ டேனரி வரக் கூடாதுன்றியாம்மா?"

"யார் சொன்னா? வரணும்டி!" சௌந்தரம் டம்ளரைக் கீழே வைத்தாள். "அந்த டேனரி சோத்துலதான் நீ வளந்த. பாக்யலட்சுமி புள்ள பெங்களூர்ல கெடக்கறான். மருமவ காத்தால கம்பெனி வேன்ல ஏறினா பொழுது சாய்ஞ்சிதான் எறங்குது. தெருவே வெறிச்சுனு கீது. எனக்கு அந்த நாத்தம்கூட வேணும் போல இருக்குது."

"தண்ணி?"

"அதான் ஒன் கம்பெனி சுத்தம் பண்ணி உடுதாமே. நீதானே எழுதியிருக்க?"

ஆமாம். அவள்தான் எழுதியிருந்தாள். குறும்படத்தின் கடைசியில் பெரிய எழுத்தில் வருகிறது: 'எங்கள் ஆலையை விட்டு வெளியேறும் ஒவ்வொரு சொட்டும் குடிநீர்.' பார்த்தவர்கள் நம்பினார்கள். வேலு மகள் எழுதினால் பொய்யாக இருக்குமா என்று நம்பினார்கள். ஆற்றில் வெள்ளம் வந்துபோன இந்த மூன்று நாலு வருடங்களாகத்தான் தெருக்கிணறு மறுபடி இனித்திருந்தது. 'தேங்காத் தண்ணி மாதிரி' என்று அன்றைக்குத்தான் ஹலீமா பீ ஒரு சொம்பு கொண்டுவந்து கொடுத்தாள். மேகலா ஒரே மூச்சில் குடித்திருந்தாள்.

பாஸுக்குப் போன் செய்தாள். ஹலீமா பீ பேசியதை முழுசாகப் படத்தில் சேர்க்கிறேன் என்றாள்.

"கசப்பைக் காட்டவா கம்பெனிக்காரன் நம்மகிட்ட வந்தான்?" என்று சிரித்தார் பாஸ். "ஊர்ப்பாசம் வந்துடுச்சா? நாளைக்கு ஒரு நாள்தானே, பல்லைக் கடிச்சுக்க. திங்கட்கிழமை உன் ரூமுக்கு வெளிய புதுப் பேரு மாட்டிடறேன்."

அவள் போனை வைத்தாள். பேட்டி எடுத்த பையனைக் கூப்பிட்டு, வெட்டிப் போட்டதை எல்லாம் திரும்ப ஒட்டச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு, வின்ஃபெல்ட் கம்பெனியின் ஓடிக்கொண்டிருக்கும் ஆலைக்குப் போனாள். ராணிப்பேட்டையைத் தாண்டி உள்ளே போகவேண்டும். முன்பு ஒருமுறை வந்திருக்கிறாள். வரவேற்பறைக்கு எதிரே தாமரை பூத்த ஒரு தொட்டி, அதில் சிவப்பும் மஞ்சளுமாக மீன்கள். 'சுத்திகரிச்ச தண்ணி மேடம், பாருங்க மீன் எப்படி ஓடுது' என்று காட்டினார்கள். அந்த மீன்களைப் பார்த்துவிட்டுப் போய்த்தான் குடிநீர் வாசகத்தை எழுதினாள். இன்று தொட்டிப் பக்கம் திரும்பவில்லை. ஆலையைச் சுற்றிக்கொண்டு, சேறு மிதித்தபடி பின்பக்கம் போனாள். தண்ணீர் வெளியே போகும் கடைசிக் குழாய் எது என்று கேட்டாள். ஷிப்டு முடிந்து கைகழுவிக்கொண்டிருந்தவர், "அந்தாண்டயா? அங்க யாரும் வர்றதில்லயே," என்றபடி காட்டினார். கையோடு கொண்டுபோயிருந்த கேன் நிறையப் பிடித்துக்கொண்டாள். பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. ஒரு விரல் தொட்டு நாக்கில் வைக்கப் போனவள், வேண்டாமென்று மூடியைத் திருகிவிட்டாள். நல்ல தண்ணீராகவே இருக்கட்டும் என்று ஒரு பக்கம் மனசு வேண்டிக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல வேண்டிய முதலாளியே குடித்துச் சொல்லட்டும்.

வழியிலேயே வின்ஃபெல்ட் முதலாளி நிரஞ்சனுக்குப் போன் செய்தாள். முப்பத்தைந்து வயதுக்காரர், பழகுவதற்கு இனிமையானவர்.

"சார், சாயந்தரம் மேடையில நம்ம ஆலைத் தண்ணிய வெக்கிறேன். ஜனங்க முன்னாடி நீங்க ஒரு கிளாஸ் குடிக்கணும்."

"பிரமாதம் மேகலா! இதான் உங்க மூளை!" என்று குதித்தார் அவர். "காமிராவ என் பக்கத்துலேயே வெக்கச் சொல்லுங்க."

அன்று மாலை பந்தல் கொள்ளவில்லை. பெங்களூரிலிருந்து பாக்யலட்சுமியின் மகன்கூட வந்திருந்தான். கோலியை அழுத்தி அழுத்தி ஜோசுவாவின் கட்டைவிரல் சிவந்துபோனது. படம் ஓடியது. 'வந்தா சோடா!' என்றபிறகு புல்லாங்குழல் வரவில்லை. ஹலீமா பீ தொடர்ந்து பேசினாள். உப்பு, கிணறு, பெண் வீட்டுக்காரர்கள், ஸ்டேஷன் குழாய், எல்லாம். முதலில் சலசலப்பு. பிறகு ஆண்கள் பக்கமிருந்து ஒருத்தர் விழுந்து விழுந்து சிரிக்க, சிரிப்பு பந்தல் முழுக்கப் பரவியது. சிரிப்பு ஓய்ந்தபோது சில பேர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். மேடையில் நிரஞ்சனின் முகத்தில் புன்னகை அப்படியே இருந்தது. ஆனால் ஒரு கால் மட்டும் ஆட ஆரம்பித்திருந்தது.

மேகலா மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் டிரம்மு வேலு பொண்ணு. நம்ம தெருவுக்குப் பொண்ணு கேட்டப்ப எல்லாம் தண்ணிய மறைச்சு வெச்சோம். தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அதுல பொறந்தவதான் நானும். ஆனா இன்னிக்கி நம்மளக் கேட்டு ஆளு வந்திருக்காங்க. இப்ப பொண்ணு வீடு நாமதான். சரின்னு சொல்றதும், வேணாம்னு சொல்றதும் உங்க இஷ்டம். எங்கம்மா சரின்னுதான் சொல்லுவேன்றாங்க. நான் தடுக்கல. தண்ணியப் பாத்துட்டு சொல்லுங்க, அவ்ளோதான் நான் கேக்கறது. இது நிரஞ்சன் சாரோட ஆலைத் தண்ணி. காலையில நானே போய்ப் புடிச்சேன். மொதல்ல அவரு குடிப்பாரு."

கேனைச் சாய்த்து ஒரு கண்ணாடிக் கிளாஸில் ஊற்றினாள். விளக்கு வெளிச்சத்தில் தண்ணீர் பளபளத்தது. பலத்த கைதட்டலுக்கிடையில் நிரஞ்சன் எழுந்து வந்து கிளாஸை வாங்கினார். காமிராவுக்கு ஒரு சிரிப்பு. கூட்டத்துக்கு ஒரு சிரிப்பு. கையெழுத்து வரிசையில் முதல் ஆளாக நின்ற பாக்யலட்சுமி, துணியில் முதல் கையெழுத்துப் போடப் பேனா மூடியைத் திறந்தவள், அப்படியே நிமிர்ந்து பார்த்தாள். சௌந்தரம் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

கிளாஸ் உதட்டருகே போனது. நின்றது.

அவர் கண் மெல்லக் கேனின் பக்கம் திரும்பியது. வெளியே அடிப்பக்கத்தில் கொஞ்சம் சேறு ஒட்டியிருந்தது. வரவேற்பறைப் பக்கம் அப்படிச் சேறு கிடையாது. கைதட்டல் ஒவ்வொன்றாக அடங்கி, கடைசியில் ஜோசுவாவின் பெட்டியில் பாட்டில்கள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. நிரஞ்சன் மேகலாவின் பக்கம் குனிந்தார். ரகசியமாகக் கேட்பதாகத்தான் அவர் நினைத்திருக்க வேண்டும். ஆனால் முன்வரிசைக்குத் தெளிவாகக் கேட்டது.

"இத நீங்க எந்தத் தொட்டியில புடிச்சீங்க?"